அணைக்குக் கணக்கு உண்டு, குளத்துக்கு?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கத்து விவசாயிகள் அவசியம் படிக்க வேண்டும். விஷயம் வானத்தில் சுற்றும் ரேடார் செயற்கைக்கோள் பற்றியது. 'அது நமக்கெதுக்கு?' என்று நகர்ந்துவிடாதீர்கள். விஷயம் நம் குளத்தில்தான் வந்து முடியும்.

மழைக்காலத்தில் செய்தித்தாளைப் பிரித்தால் அணை நீர்மட்டம் போட்டிருப்பார்கள். கடனா 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, குண்டாறு 36.10 அடி, அடவிநயினார் 132 அடி. இது முழு உயரம். இன்றைக்கு எத்தனை அடி இருக்கிறது, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். குண்டாறு நிரம்பி வழிந்தால் அன்று முழுக்க டீக்கடையில் அதுதான் பேச்சு. நல்ல வழக்கம் இது. மக்களுக்குத் தண்ணீர்க் கணக்கு தெரிகிறது.

ஆனால் அணைத் தண்ணீர் நேராக வயலுக்கு வந்துவிடுகிறதா? பெரும்பாலான இடங்களில் அது கால்வாய் வழியாகக் குளத்தில் விழுந்து, அங்கிருந்து மடை வழியாகத்தான் வயலுக்குப் போகிறது. ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். சங்கிலி மாதிரி. தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, குளங்கள் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். இதில் எந்தக் குளத்தில் இன்று எவ்வளவு தண்ணீர் என்று எந்தப் பத்திரிகையிலாவது பார்த்திருக்கிறீர்களா? கரையில் போய் நின்று பார்க்கிறவருக்குத் தெரியும். அடுத்த ஊர்க் குளத்து நிலவரம் அவருக்கும் தெரியாது.

'இத்தனை குளத்துக்கும் தினமும் ஆள் அனுப்ப முடியுமா?' என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆள் அனுப்ப வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ரேடார் செயற்கைக்கோள் என்றால் என்ன என்று பார்ப்போம்.

சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோள், பகல் வெளிச்சத்தை நம்பி வேலை செய்யும் கேமரா. சூரிய ஒளி தரையில் பட்டுத் திரும்புவதைத்தான் அது படமாக்கும். இரவில் அதற்கு ஒன்றும் தெரியாது. நடுவில் மேகம் வந்தால் மேகத்தின் முதுகு மட்டும் தெரியும். இது நமக்கு எவ்வளவு பெரிய குறை என்று யோசியுங்கள். குற்றாலத்தில் சீசன் எப்போது? ஆனியிலும் ஆடியிலும். மலை முழுக்க மேகம் மூடி, சாரல் அடிக்கும்போது. கார் சாகுபடி அந்தச் சாரலை நம்பி. பிசானம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையை நம்பி. எந்த மாதங்களில் நமக்குத் தண்ணீர்க் கணக்கு அவசியமோ, அந்த மாதங்களில்தான் அந்தக் கேமராவுக்குக் கண் தெரியாது.

ரேடார் அப்படி இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன். வௌவால் கும்மிருட்டில் எப்படி மோதாமல் பறக்கிறது? தானே சத்தம் எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கிறது. ரேடார் செயற்கைக்கோள் சத்தத்துக்குப் பதில் நுண்ணலையை அனுப்புகிறது. அந்த அலை மேகத்தைத் துளைத்துக்கொண்டு வந்து, தரையில் பட்டு, திரும்பிப் போகிறது. சூரியன் தேவையில்லை. மேகம் தடையில்லை. நள்ளிரவும் நடுப்பகலும் அதற்கு ஒன்றுதான்.

இப்போது முக்கியமான இடம். டார்ச் விளக்கைச் சுவரில் அடித்தால் வெளிச்சம் நம் பக்கமும் சிதறித் திரும்பும். தரையில் கிடக்கும் கண்ணாடியில் சாய்வாக அடித்தால் வெளிச்சம் எதிர்ப்பக்கமாக ஓடிவிடும். அலையடிக்காத குளம் அந்தக் கண்ணாடி மாதிரி. ரேடார் அலையைச் செயற்கைக்கோள் பக்கம் திருப்பி அனுப்பாது. அதனால் ரேடார் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். கரை, வயல், மரம், வீடு எல்லாம் வெளுப்பாகத் தெரியும். கீழப்பாவூர் பெரியகுளம் எவ்வளவு தூரம் பரந்து நிற்கிறது என்பதை அந்தக் கறுப்பின் ஓரத்தை வைத்தே அளந்துவிடலாம்.

கடலிலும் இதே பாடம்தான். காற்றால் எழும் சிற்றலைகள் எதிரொலி தரும். எண்ணெய் கசிந்த இடத்தில் சிற்றலை அடங்கிவிடுவதால் அங்கே கறுப்புத் திட்டு விழும். இரும்புக் கப்பல் வெள்ளைப் புள்ளியாக மின்னும். 1978-இல் அமெரிக்கா அனுப்பிய சீசாட் என்ற செயற்கைக்கோள் கடலைப் பார்க்கத்தான் போனது. சுமார் 105 நாள் மட்டுமே வேலை செய்து, மின்கோளாறால் நின்றுபோனது. அந்தக் குறுகிய காலத்தில் அது காட்டிய படங்கள்தான் இந்தத் துறைக்கே வழி திறந்தன.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. அதையொட்டி அவசரமாக 2009 ஏப்ரலில் ரிசாட்-2 ஏவப்பட்டது. அதன் ரேடார் இஸ்ரேலில் செய்தது. நாமே செய்த முதல் ரேடார் செயற்கைக்கோள் ரிசாட்-1. 2012 ஏப்ரல் 26-இல் போனது, எடை 1,858 கிலோ. 2022 பிப்ரவரி 14-இல் இ.ஓ.எஸ்.-04 போனது. 2025 மே 18-இல் இ.ஓ.எஸ்.-09 ஏவியபோது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் கட்டத்தில் கோளாறு ஏற்பட்டுச் செயற்கைக்கோள் கைவிட்டுப் போனது. இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, 2025 ஜூலை 30 மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்தது. அப்போது இஸ்ரோ தலைவராக இருந்தவர் நமக்குப் பக்கத்துக் குமரி மாவட்டத்துக்காரர் வி. நாராயணன் என்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு.

நிசார் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. 2014 செப்டம்பரில் ஒப்பந்தம், ஏவியது 2025-இல். எடை 2,392 கிலோ. 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. 12 மீட்டர் அகலத்துக்குக் குடைபோல விரியும் ஆன்டெனா. இரண்டு ரேடார்கள். நாசாவின் ரேடார் அலை 24 செ.மீ. நீளம், இஸ்ரோவின் ரேடார் அலை சுமார் 10 செ.மீ. நீளம். நீண்ட அலை இலைகளைத் தாண்டி மரத்தின் அடி வரைக்கும் போகும். ஒரு வீச்சில் 240 கிலோமீட்டர் அகலத்தைப் பார்க்கும். தென்காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் அதைவிடக் குறைவு. உலகின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை 12 நாளைக்கு இருமுறை பார்த்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், அதன் தரவு உலகில் யாருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-1 தரவும் 2014 முதலே இலவசம்தான்.

அந்த ஜூலை 30 என்ற தேதியைக் கவனித்தீர்களா? சரியாக ஓராண்டுக்கு முன், 2024 ஜூலை 30 விடியற்காலையில்தான் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணில் புதைந்தன. அதுவும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைதான். மேகம் விலகாத நேரத்தில் இஸ்ரோவின் ஐதராபாத் மையம் மறுநாளே ரேடார் செயற்கைக்கோள் படத்தை எடுத்தது. சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் சரிந்திருக்கிறது, மண்ணும் பாறையும் ஆற்றோடு சுமார் 8 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கணக்குச் சொன்னது. சரிந்த பிறகு அளந்தோம். சரியும் முன் அந்த மக்களை எழுப்பிவிட முடியவில்லை.

இந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் ரேடார் செயற்கைக்கோளை மந்திரக்கோல் மாதிரி எழுதுகிறார்கள். 2024 மே 17-இல் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பிள்ளை அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். 'செயற்கைக்கோள் இருந்தும் சொல்லவில்லையே' என்று சிலர் எழுதினார்கள். சில நாளுக்கு ஒருமுறை மேலே கடந்து போகிற செயற்கைக்கோளால், சில நிமிடத்தில் இறங்கும் காட்டு வெள்ளத்தைச் சொல்ல முடியாது. அதற்கு வேண்டியது மலைமேல் தானியங்கி மழைமானி, ஓடையில் நீர்மட்டக் கருவி, மழையைப் பார்க்கும் டாப்ளர் ரேடார், அருவிக்கரையில் சங்கு, சங்கு ஊதியதும் வெளியேறும் கூட்டம். செங்குத்தான மலையில் செயற்கைக்கோள் ரேடாருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சாய்வாகப் பார்ப்பதால் ஒரு சரிவு நிழலில் மறைந்துவிடும், இன்னொரு சரிவு ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து தெரியும்.

ஆகவே அதனால் எது முடியுமோ அதைக் கேட்போம். மெதுவாக மாறுகிற, பரந்த இடத்தில் நடக்கிற விஷயங்களை மேகத்துக்கு அடியிலும் விடாமல் பார்ப்பதுதான் அதன் பலம். நம் குளங்களும் வயல்களும் அப்படிப்பட்டவை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தோடும் வேறு சில நிறுவனங்களோடும் சேர்ந்து, 2011-12 வாக்கிலிருந்தே ரேடார் படத்தால் நெல் வயலைக் கணக்கெடுக்கிறது. நடவின்போது வயலில் தண்ணீர் நிற்கும், படத்தில் கறுப்பு. பயிர் வளர வளர வெளுத்துக்கொண்டே வரும். அந்த மாற்றத்தைப் பார்த்து எந்த வயலில் எந்த வாரம் நடவு நடந்தது, எந்த வயலில் நடவே நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். அந்தப் பருவத்தில் விதைக்க முடியாமல் போன கிராமங்களை அடையாளம் கண்டு, பயிர்க் காப்பீட்டு இழப்பீடு முடிவு செய்ய இந்த முறை பயன்பட்டது.

காப்பீட்டுக் கம்பெனியும் அரசும் நம் வயலை வானத்திலிருந்து பார்த்துக் கணக்கெழுத முடிகிறது. நல்லதுதான். ஆனால் அதே கணக்கை அந்த வயலின் சொந்தக்காரர் பார்க்க முடிகிறதா? அவருடைய குளத்தின் கணக்கு அவருக்குத் தெரிகிறதா? என் கேள்வி இவ்வளவுதான்.

என் கோரிக்கையும் எளிமையானது. அணை நீர்மட்டம் போல, 12 நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு குளத்தின் நீர்ப்பரப்பையும் ரேடார் படத்திலிருந்து எடுத்து, தமிழில், குளத்தின் ஊர்ப் பெயரோடு அரசு வெளியிட வேண்டும். 'இந்தக் குளத்தின் முழு நீர்ப்பரப்பு இத்தனை ஏக்கர், இந்த வாரம் இத்தனை ஏக்கர், போன ஆண்டு இதே வாரம் இத்தனை ஏக்கர்.' மூன்றே எண். பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதினால் போதும். கம்ப்யூட்டர் தெரியாதவரும் படித்துவிடுவார்.

இதனால் என்ன பயன்?

ஒன்று, சங்கிலியில் எந்தக் குளம் நிரம்பியிருக்கிறது, எது காய்ந்து கிடக்கிறது என்று தெரியும். மேல்குளம் மறுகால் பாய்ந்தும் கீழ்க்குளம் வறண்டிருந்தால் நடுவில் கால்வாய் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். மனு எழுதும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

இரண்டு, முழு நீர்ப்பரப்பு ஆண்டுக்காண்டு சுருங்கினால் ஆக்கிரமிப்போ மண்மேடோ இருக்கிறது. யாரும் யாரோடும் சண்டை போட வேண்டாம். படம் பேசும்.

மூன்று, பெருமழைக்கு முன்னேற்பாடு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றது. குளங்கள் உடைந்து ஊர்கள் மூழ்கின. நம் குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில்தான் சேர்கிறது. இங்கே பெய்வது அங்கேயும் போகும். அப்படிப்பட்ட மழை வரும் முன்பே எந்தெந்தக் குளம் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தால், மணல் மூட்டையை எங்கே கொண்டுபோய் அடுக்க வேண்டும் என்பது தெரியும்.

இதில் குறைகளும் உண்டு. ஆகாயத்தாமரை மூடிய குளம் ரேடாரில் தரைபோலத் தெரியலாம். பலத்த காற்றில் தண்ணீர் அலையடித்தால் கறுப்பு வெளுத்துவிடும். சின்னஞ்சிறு ஊருணிகள் சரியாகப் பிடிபடாது. இன்னொன்று முக்கியம். ரேடார் படம் காட்டுவது பரப்பை, ஆழத்தை அல்ல. வண்டல் மேவிய குளம் கண்ணுக்கு நிறைந்திருக்கும், கொள்ளளவு பாதிகூட இருக்காது. இதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய ஸ்வாட் செயற்கைக்கோள், 250 மீட்டருக்கு 250 மீட்டருக்கு மேற்பட்ட நீர்நிலைகளின் நீர்மட்ட உயரத்தையே ரேடாரால் அளக்கிறது. அது சுமார் 15 ஏக்கர். நம் பக்கத்துப் பெரிய குளங்கள் எல்லாம் அதில் அடங்கும். பரப்பும் மட்டமும் சேர்ந்தால், தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்கியது என்ற கணக்கு வந்துவிடும். மிச்சத்தை ஊர்க்காரர்கள் கரையில் நின்று சரிபார்க்கலாம். மடை திறக்கிறவரின் கண்ணும் செயற்கைக்கோளின் கண்ணும் ஒத்துப்போனால் அதைவிட நல்ல கணக்கு கிடையாது.

'இதையெல்லாம் வெளியிட்டால் மக்கள் பயந்துவிடுவார்கள்' என்று ஒரு வாதம் எப்போதும் வரும். உத்தரகண்டில் ஜோஷிமட் நகரம் மண்ணில் இறங்கியபோது இப்படித்தான் நடந்தது. செயற்கைக்கோள் ரேடார் ஒரே இடத்தை இருமுறை பார்த்து, திரும்பிவரும் அலையின் நிலையை ஒப்பிட்டால், தரை சில செ.மீ. இறங்கியதையும் கண்டுபிடித்துவிடும். 2022 டிசம்பர் 27-க்கும் 2023 ஜனவரி 8-க்கும் நடுவில் அந்த நகரம் 5.4 செ.மீ. இறங்கியது என்று இஸ்ரோ மையத்தின் முதற்கட்ட அறிக்கை சொன்னது. வெளியான சில நாட்களில் அந்த அறிக்கை இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், இது பற்றித் தன்னிச்சையாக ஊடகங்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டாம் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. மக்களிடையே குழப்பம் வருகிறது என்பது காரணம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. அரைகுறைத் தகவல் குழப்பம் தரும் என்பது உண்மை. அதற்கு மருந்து முழுத் தகவலை விளக்கிச் சொல்வது. வீட்டுச் சுவரில் விரிசலைப் பார்த்துக்கொண்டே படுக்கிறவருக்குத் தரை எவ்வளவு இறங்கியது என்று தெரியக் கூடாதாம். அமெரிக்காவில் இருக்கிற ஒரு மாணவர் அதே தரவை இலவசமாக இறக்கிப் படித்துவிடலாம். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. நிலம் யாருடையதோ, தகவல் முதலில் அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு வாதம், 'தரவுதான் இலவசமாக இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டுமே' என்பது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அந்தத் தரவு ஒவ்வொன்றும் மிகப் பெரிய கோப்பு, ஆங்கிலத்தில் குறிப்பு, பிரித்துப் படிக்கத் தனி மென்பொருள், பழகிய ஆள். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி போடுகிறவர் அதை எங்கே போய்ப் பிரிப்பார்? கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, வாளியும் கயிறும் தருவது அரசின் வேலை. தமிழ்நாட்டில் அந்த வேலை தெரிந்த பேராசிரியர்களும் மாணவர்களும் ஏராளம். நீர்வளத்துறையும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்தால் ஒரே மாவட்டத்தில் முதலில் செய்து பார்த்துவிடலாம். 2019 நவம்பரில் பிறந்த புது மாவட்டம் நம்முடையது. இங்கிருந்தே தொடங்கட்டும்.

வாத்தியார் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பட்டியல் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. சொந்த ஊர்க் குளத்தின் ரேடார் படத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கறுப்பு எது, வெளுப்பு எது, ஏன் என்று கேளுங்கள். எதிரொளிப்பும் பரப்பளவும் சதவீதமும் ஒரே நாளில் புரியும். அடுத்த முறை ராக்கெட் போகும்போது கைதட்டுவதோடு நிற்காமல், 'அது நம் குளத்தைப் பார்த்ததா?' என்று கேட்கும் பிள்ளை உருவாகும்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று கிராம சபை கூடுகிறது. 'எங்கள் ஊர்க் குளத்தின் நீர்ப்பரப்பை 12 நாளைக்கு ஒருமுறை செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிட்டு, ஊராட்சிப் பலகையில் வெளியிட வேண்டும்' என்று ஒரு வரித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். நானும் எழுதி வைத்திருக்கிறேன், கொடுக்கப் போகிறேன்.

உங்கள் ஊர்க் குளத்தின் பெயரையும், அது கடைசியாக எப்போது மறுகால் பாய்ந்தது என்பதையும் கீழே எழுதுங்கள். தென்காசியில் எத்தனை குளத்துக்கு நாமே கணக்கு வைத்திருக்கிறோம் என்று பார்ப்போம்.